ரத்தத்தில் நார்மல், கட்டியில் 2+: மார்பகப் புற்றுக்கு எந்த மார்க்கரை வைத்து மருந்து முடிவாகிறது?

நீங்கள் எழுதியதைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்கு 58 வயது, மாதவிடாய் நின்று பல வருடம் ஆகிறது. மார்பில் 2.3 சென்டிமீட்டர் கட்டி; ஊசி பயாப்ஸியில் கிரேடு 2 (மூன்று படிகளில் நடுப்படி) புற்று என்று உறுதியாகிவிட்டது. அக்குள் நெறிகள் (நிணநீர் முடிச்சுகள்) ஸ்கேனில் சுத்தம். ரத்தத்தில் சிஏ 15-3 அளவு 18, அதாவது நார்மல். திசு அறிக்கையில் ஈஆர் (ஈஸ்ட்ரோஜன் ஏற்பி) 80%, பிஆர் (புரோஜெஸ்டிரோன் ஏற்பி) 5%, ஹெர்2 (செல்லை வளரத் தூண்டும் சவ்வுப் புரதம்) 2+, கேஐ-67 (பிரியும் செல்களின் அளவு) 22%. டாக்டர் ஃபிஷ் டெஸ்டுக்கு (ஹெர்2 ஜீன் எத்தனை பிரதி என்று எண்ணும் சோதனை) அனுப்பியிருக்கிறார். வீட்டில் இருப்பவர்களோ, “ட்யூமர் மார்க்கர்தான் நார்மல் ஆயிற்றே, இன்னொரு டெஸ்டுக்காக எதற்குக் காத்திருக்க வேண்டும், ஆபரேஷனை முடித்துவிடலாம்” என்கிறார்கள். எந்த மார்க்கரை நம்புவது என்று கேட்டிருக்கிறீர்கள். உள்ளே இருக்கும் கேள்வி வேறு: ஃபிஷ் வரும்வரை ஆபரேஷனைத் தள்ளிவைக்கலாமா, கீமோ தேவைப்படுமா. முதல் கேள்விக்கு என் பதில், கட்டாயம் காத்திருங்கள் என்பதுதான். இரண்டாவதற்கு இன்றைய தேதியில் யாராலும் பதில் சொல்ல முடியாது. ஏன் என்பதைக் கீழே சொல்கிறேன்.

குழப்பத்துக்குக் காரணம் ‘மார்க்கர்’ என்ற ஒரே சொல் இரண்டு வேறு சங்கதிகளைக் குறிப்பது. சிஏ 15-3 என்பது மக்1 என்ற புரதத்தின் துண்டு. செல்கள் அதை ரத்தத்தில் உதிர்க்கின்றன. ஆரம்ப நிலைப் புற்று உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு இது நார்மலாகத்தான் இருக்கும், ஏனென்றால் உதிர்க்கும் அளவுக்கு அங்கே செல்கள் இல்லை. மறுபக்கம், கல்லீரல் நோயிலும் சாதாரண மார்பகக் கட்டிகளிலும் இது ஏறும். ஆகவே 18 என்ற எண் அம்மாவின் கட்டி சாதுவானது என்றும் சொல்லவில்லை, முரடானது என்றும் சொல்லவில்லை. நோய் வேறு உறுப்புகளுக்குப் பரவி மருந்து ஓடிக்கொண்டிருக்கும் நிலையில், ஸ்கேனோடு சேர்த்து ஏறுமுகமா இறங்குமுகமா என்று பார்க்க இது உதவும். அங்கேயும் ஒரு பொறி உண்டு: மருந்து நன்றாக வேலை செய்யும்போதே முதல் 4 முதல் 6 வாரம் எண் ஏறலாம், செத்துக்கொண்டிருக்கும் செல்கள் புரதத்தைக் கொட்டுவதால். அதைப் பார்த்து மருந்தை மாற்றுவது தவறு. சிகிச்சை முடிந்து நலமாக இருப்பவர்களுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை இதை எடுத்துப் பார்ப்பதை அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் சங்கமான ஆஸ்கோ பரிந்துரைப்பதில்லை. முன்கூட்டியே ஏற்றத்தைக் கண்டுபிடித்ததால் ஆயுள் கூடியதாக நிரூபணம் இல்லை; மனக்கலக்கம் மட்டும் உறுதி. எப்போதாவது தொடர்ந்து பார்க்க நேர்ந்தால் ஒரே லேபில், ஒரே கருவியில் பாருங்கள். முடி வளர்ச்சிக்கு பயோட்டின் மாத்திரை சாப்பிடுபவர்கள் லேபில் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்; சில கருவிகளில் அது எண்ணைப் புரட்டிவிடும்.

மருந்தை முடிவு செய்வது இரண்டாவது வகை, திசுவில் பார்க்கும் மார்க்கர்கள். கட்டி எவ்வளவு பெரிது என்று இவை சொல்வதில்லை. எதைத் தின்று வளர்கிறது என்று சொல்கின்றன. 1896-லேயே ஸ்காட்லாந்தின் ஜார்ஜ் பீட்சன் சினைப்பையை அகற்றினால் சில பெண்களுக்கு மார்பகப் புற்று சுருங்குவதைப் பதிவு செய்தார். சிலருக்கு மட்டும் ஏன் என்பதற்கு, ஈஸ்ட்ரோஜன் ஏற்பி கண்டுபிடிக்கப்பட்ட பிறகுதான் விளக்கம் கிடைத்தது. அந்த ஏற்பிதான் ஈஆர்.

அம்மாவின் அறிக்கையில் ஈஆர் 80% என்றால் ‘80 சதவீத வீரியம்’ என்று அர்த்தமில்லை. திசுவைச் சுமார் 4 மைக்ரான் தடிமனில் சீவி, ஸ்லைடில் ஒட்டி, ஆன்டிபாடி போட்டுச் சாயமேற்றினால், ஏற்பி உள்ள செல்லின் உட்கரு பழுப்பாகும். இல்லாதது நீலமாகவே நிற்கும். நூறு புற்றுச் செல்லில் எண்பதின் உட்கரு பழுப்பாக இருந்தது, அவ்வளவுதான். எத்தனை செல் என்பதோடு எவ்வளவு அடர்த்தியான பழுப்பு என்பதையும் எழுத வேண்டும். ஆல்ரெட் மதிப்பெண் இரண்டையும் கூட்டுவது: மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் செல்கள் என்றால் 5, அடர்த்தி அழுத்தமானால் 3, மொத்தம் 8-க்கு 8. பிஆர் 5% என்றால் செல் கணக்குக்கு 2. மங்கலான சாயமாக இருந்தால் 1. மொத்தம் 3, பாசிட்டிவ் என்று சொல்லக்கூடிய கடைசிப் படி. ஈஆர் 1% இருந்தாலே பாசிட்டிவ் என்பது 2010 முதல் உள்ள விதி. 2020-இல் 1 முதல் 10% வரை உள்ளதை ‘ஈஆர் லோ பாசிட்டிவ்’ என்று தனியாகக் குறிக்கச் சொன்னார்கள், ஏனென்றால் அந்தக் கட்டிகள் பல சமயம் ஈஆர் இல்லாதவை போலவே நடந்துகொள்கின்றன. அம்மா அந்தச் சந்தேக வட்டத்தில் இல்லை. 80% என்றால் ஹார்மோன் மாத்திரை உண்டு. ஃபிஷ் எப்படி வந்தாலும், கீமோ கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும். இது உறுதியான பகுதி.

பிஆர் 5% எதற்கு? ஈஆர் ஒழுங்காக வேலை செய்தால் அதன் உத்தரவில் பிஆர் உருவாகும். ஈஆர் நிறைய இருந்தும் பிஆர் குறைவு என்றால் அந்த உத்தரவுச் சங்கிலி எங்கோ தளர்ந்திருக்கிறது. இத்தகைய கட்டிகள் சராசரியாகக் கொஞ்சம் வேகமானவை. ஹார்மோன் மாத்திரை கொடுப்பதா இல்லையா என்பதை இது மாற்றாது. இதற்குத் தலைகீழாக, ஈஆர் இல்லை ஆனால் பிஆர் உண்டு என்று ஓர் அறிக்கை வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது ஈஆர் சாயத்தைத்தான். திரும்பச் செய்யச் சொல்லுங்கள்.

இப்போது ஹெர்2. இங்கே பழுப்பு உட்கருவில் வராது, செல்லின் ஓரச் சவ்வில் வரும். புற்றுச் செல்களில் 10 சதவீதத்துக்கு மேல் சவ்வு முழுச் சுற்றும் அழுத்தமாகப் பழுப்பேறி, மீன்வலை விரித்தாற்போல் கண்ணி கண்ணியாகத் தெரிந்தால் 3+. சவ்வு முழுச் சுற்றும் தெரிகிறது, ஆனால் மங்கலாகவோ நடுத்தரமாகவோ என்றால் 2+. அரைகுறைச் சுற்று, கண்ணுக்கு எட்டியும் எட்டாத சாயம் என்றால் 1+. ஆக 2+ என்பதை ‘பாதி பாசிட்டிவ்’ என்று படிக்கக் கூடாது. ‘இந்த முறையில் தெரியவில்லை, ஜீனை எண்ணிப் பார்’ என்று படிக்க வேண்டும். ஃபிஷ் அதைத்தான் செய்கிறது. இருட்டறையில், ஒளிரும் நுண்ணோக்கியில் நீல உட்கருவுக்குள் சிவப்புப் புள்ளிகள் ஹெர்2 ஜீன், பச்சைப் புள்ளிகள் 17-ஆம் குரோமோசோமின் நடுப்பகுதி. குறைந்தது 20 செல்களில் இரண்டையும் எண்ண வேண்டும். உதாரணத்துக்கு, 20 செல்லில் சிவப்பு 130, பச்சை 40 என்றால் விகிதம் 3.25, செல்லுக்கு சராசரி 6.5 பிரதி, சந்தேகமே இல்லாத பாசிட்டிவ். விகிதம் 2 அல்லது அதற்கு மேல், சராசரி பிரதி 4 அல்லது அதற்கு மேல் என்ற இரண்டும் சேர்ந்தால்தான் அப்படி. சிவப்பு 76, பச்சை 36 என்று வந்தால்? விகிதம் 2.1, ஆனால் சராசரி 3.8 மட்டும். விகிதத்தை மட்டும் பார்ப்பவர் பாசிட்டிவ் என்பார். 2018 விதிப்படி இன்னொருவர் மறுபடி எண்ணி, அப்படியே இருந்தால் ஐஎச்சி (சாயமேற்றும் முறை) 2+ கட்டியில் இது நெகட்டிவ். அதனால் அறிக்கையின் கடைசி வரியை மட்டும் பார்க்காதீர்கள். விகிதம், சராசரி, எண்ணிய செல்கள், மூன்றும் அச்சில் இருக்க வேண்டும்.

இந்த ஒரு டெஸ்டுக்காக ஆபரேஷனை நிறுத்திவைப்பது ஏன் என்பதற்கு வருகிறேன். ஃபிஷ் நெகட்டிவ் என்றால், 2.3 சென்டிமீட்டர், நெறி சுத்தம், ஈஆர் 80% என்ற நிலையில் வழக்கமான வரிசை ஆபரேஷன் முதலில், மருந்து பிறகு. பாசிட்டிவ் என்றால் வரிசையே தலைகீழாகும். ஹெர்2 பாசிட்டிவாகவும் 2 சென்டிமீட்டருக்கு மேலாகவும் உள்ள கட்டிக்கு இன்று பல மையங்களில் மருந்துதான் முதலில்: டோசிடாக்செல், கார்போபிளாட்டின் போன்ற கீமோவோடு, ஹெர்2-வைக் குறிவைக்கும் டிராஸ்டுசுமாப், பெர்டுசுமாப், சுமார் 6 சுற்று, அதன் பிறகே ஆபரேஷன். இதில் கிடைக்கும் லாபம் கட்டி சுருங்குவது மட்டுமல்ல. ஆபரேஷனில் எடுத்த திசுவில் உயிருள்ள புற்று மிச்சம் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் டி-டிஎம்1 என்ற வலுவான மருந்துக்கு மாற்றலாம், 14 சுற்று. மிச்சம் இல்லையென்றால் டிராஸ்டுசுமாப்பையே தொடர்ந்து மொத்தம் ஒரு வருடத்தை முடிக்கலாம். கட்டியை முதலிலேயே வெட்டி எறிந்துவிட்டால் மருந்து அதன் மேல் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கும் இந்த வாய்ப்பு போய்விடும், திரும்ப வராது. ஒன்றிரண்டு வாரக் காத்திருப்பால் நோய் ஓடிவிடாது. அவசர ஆபரேஷனால் இழப்பதுதான் அதிகம். 2 சென்டிமீட்டர் என்ற கோட்டுக்கு அம்மாவின் கட்டி மிக அருகில் இருப்பதால், அல்ட்ராசவுண்டில் அளந்ததா, மாமோகிராமில் அளந்ததா, எம்ஆர்ஐ தேவையா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். 2-க்குக் கீழே, நெறி சுத்தம் என்றால் ஹெர்2 பாசிட்டிவிலும் ஆபரேஷன் முதலில், பிறகு 12 வாரம் பாக்லிடாக்செல், ஒரு வருடம் டிராஸ்டுசுமாப் என்ற இலகுவான வழி உண்டு.

டிராஸ்டுசுமாப் மூன்று வாரத்துக்கு ஒருமுறை. முதல் தவணை கிலோவுக்கு 8 மில்லிகிராம், பிறகு 6. இரண்டு வருடம் கொடுத்துப் பார்த்தார்கள், ஒரு வருடத்தைவிட மேலான பலன் இல்லை. இதயத் துடிப்பாற்றலைக் குறைக்கக்கூடியது என்பதால் தொடங்கும் முன்பும், பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் எக்கோ எடுக்க வேண்டும். இந்த மருந்து 1998-இல் அமெரிக்காவில் அனுமதி பெறும் வரை, ஹெர்2 பாசிட்டிவ் என்பது மார்பகப் புற்றிலேயே மோசமான வகைகளில் ஒன்று. ‘பாசிட்டிவ் வந்துவிடுமோ’ என்று பயப்படுகிறீர்கள் போல எழுதியிருந்தீர்கள். அந்தப் பயம் பழைய கணக்கு.

இந்த எண்கள் எல்லாம் திசுவை எப்படிக் கையாண்டார்கள் என்பதைப் பொறுத்தவை. இதைப் பற்றி நோயாளிகளிடம் யாரும் பேசுவதே இல்லை, ஆனால் தவறுகள் பெரும்பாலும் இங்கேதான். உடலிலிருந்து எடுத்த திசு ஒரு மணி நேரத்துக்குள், 10% நியூட்ரல் பஃபர்டு ஃபார்மலினில் இறங்க வேண்டும். அதில் குறைந்தது 6 மணி நேரம், அதிகபட்சம் 72 மணி நேரம். குறைந்தால் திசு முழுதாகப் பதப்படாது, ஈஆர் பொய்யாக நெகட்டிவ் காட்டலாம். அதிகமானாலும் சாயம் மங்கும். ஊசி பயாப்ஸித் துண்டு நூல் போல மெல்லியது என்பதால் சீக்கிரம் பதப்படும். ஆபரேஷனில் எடுத்த முழு மார்பகத்தை வெட்டாமல் அப்படியே வாளியில் போட்டு வார இறுதி முழுக்க விட்டுவிட்டால், ஃபார்மலின் மணிக்கு ஒரு மில்லிமீட்டர் அளவே ஊடுருவுவதால் நடுவில் இருக்கும் கட்டி அழுகத் தொடங்கியிருக்கும். அதனால்தான் ஊசித் துண்டில் பார்த்த ஈஆர், ஹெர்2 முடிவுக்கு மதிப்பு அதிகம். ஸ்லைடிலேயே ஒரு சாட்சி உண்டு: கட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் சாதாரண பால்குழாய்ச் செல்கள் சில ஈஆருக்குப் பழுப்பாக வேண்டும். புற்றும் நீலம், சாதாரணக் குழாயும் நீலம் என்றால் கட்டியை ஈஆர் நெகட்டிவ் என்று எழுத முடியாது. சாயமே பிடிக்கவில்லை என்று அர்த்தம். இன்னொரு வழக்கமான பிசகு, குழாய்க்குள்ளேயே அடங்கியிருக்கும் டிசிஐஎஸ் பகுதியில் ஹெர்2 அழுத்தமாக வந்திருப்பதைப் பார்த்து 3+ போடுவது. வெளியே ஊடுருவிய செல்களை மட்டுமே கணக்கில் எடுக்க வேண்டும். துண்டின் நசுங்கிய ஓரங்களையும் விட்டுவிட வேண்டும், அங்கே எல்லாமே பழுப்பாகத் தெரியும். எலும்புக்குப் பரவிய இடத்தில் பயாப்ஸி என்றால் சுண்ணாம்பை நீக்க வலுவான அமிலம் பயன்படுத்தினார்களா என்று கேளுங்கள். அது சாயத்தையும் ஃபிஷ்ஷையும் கெடுத்துவிடும். இடிடிஏ என்ற மென்மையான ரசாயனம் கொண்டு மெதுவாக நீக்கியிருந்தால் பரவாயில்லை.

கேஐ-67 பற்றி எனக்கு அவ்வளவு மரியாதை கிடையாது, ஆனால் அம்மாவின் விஷயத்தில் அதை ஒதுக்கவும் முடியவில்லை. பிரியும் கட்டத்தில் இருக்கும் செல்கள் எத்தனை சதவீதம் என்பதுதான் அது. 5% அல்லது அதற்குக் கீழ் என்றால் மெதுவான கட்டி, 30% அல்லது அதற்கு மேல் என்றால் வேகமானது, இரண்டையும் நம்பலாம். இடையில் உள்ளது சதுப்பு நிலம். ஒரே ஸ்லைடை ஒருவர் 15 என்பார், இன்னொருவர் 25 என்பார், இரண்டு பேரும் தப்பு செய்திருக்க மாட்டார்கள். ஒருவர் சாயம் மிகுந்த திட்டை எண்ணியிருப்பார், மற்றவர் கட்டி முழுவதும் சராசரி எடுத்திருப்பார். 22 இந்தச் சதுப்பின் நட்டநடுவில் இருக்கிறது. இதை மட்டும் வைத்துக் கீமோ முடிவு செய்யக் கூடாது. செல் பிரிவதைத் தடுக்கும் அபிமாசிக்ளிப் மருந்துக்கு 2021-இல் அமெரிக்க அனுமதி கொடுத்தபோது கேஐ-67 20% இருக்க வேண்டும் என்று நிபந்தனை வைத்தார்கள்; 2023-இல் அதைத் தூக்கிவிட்டார்கள். அப்படியானால் ஏன் ஒதுக்க முடியாது? அதே வகை மருந்தான ரைபோசிக்ளிப்பின் நாடலி ஆய்வில், நெறி சுத்தமாக இருந்தாலும் 2 சென்டிமீட்டருக்கு மேல், கிரேடு 2, கேஐ-67 20% அல்லது அதற்கு மேல் உள்ளவர்களையும் சேர்த்திருந்தார்கள். ஃபிஷ் நெகட்டிவாக வந்தால் அம்மா அந்த வரையறைக்குள் மயிரிழையில் வருகிறார். மூன்று வருடம் சாப்பிட வேண்டிய மருந்து அது, ரத்த அணுக்களையும் கல்லீரலையும் ஈசிஜியையும் கண்காணிக்க வேண்டும். நோய் திரும்புவது குறைகிறது என்பது தெரிந்தது. ஆயுள் எவ்வளவு கூடுகிறது என்பது இன்னும் உறுதியாகவில்லை. ஆகவே அந்த மருந்துப் பேச்சு வந்தால், 22 என்பது எத்தனை செல்களை எண்ணி வந்தது என்று கேட்டு, ஆபரேஷன் திசுவில் மறுபடி எண்ணச் சொல்வது நியாயமான கோரிக்கை.

ஃபிஷ் நெகட்டிவ் என்று வைத்துக்கொண்டால் கீமோ கேள்விக்கு நேரடியாகப் பதில் தருவது கட்டியின் 21 ஜீன்களைப் பார்க்கும் ஆன்கோடைப் டிஎக்ஸ் என்ற டெஸ்ட். 0 முதல் 100 வரை மதிப்பெண். 2018-இல் வெளிவந்த டெய்லரெக்ஸ் ஆய்வின்படி, நெறி சுத்தமாக இருந்து, 50 வயதைத் தாண்டியவர்களுக்கு 25 வரை ஹார்மோன் மாத்திரை மட்டும் போதும், கீமோ சேர்த்ததால் பலனில்லை. 26 அல்லது அதற்கு மேல் என்றால் கீமோ உண்டு. 50 அல்லது அதற்குக் கீழ் வயதானவர்களுக்கு 16 முதல் 25 வரை கொஞ்சம் பலன் தெரிந்தது. அது கீமோவின் நேரடிப் பலனா, கீமோவால் சினைப்பை ஓய்ந்ததன் பலனா என்ற விவாதம் தீரவில்லை. ஹெர்2 பாசிட்டிவ் என்றால் இந்த டெஸ்ட் தேவையே இல்லை, அதனாலும் ஃபிஷ் முதலில் வர வேண்டும். இந்த டெஸ்ட் எடுக்க வழியில்லை என்றால் கட்டியின் அளவு, கிரேடு, நெறி, பிஆர் எல்லாவற்றையும் சேர்த்து டாக்டர் எடைபோடுவார். அப்போது பிஆர் 5% தராசின் ஒரு பக்கம் கொஞ்சம் கனம் சேர்க்கும்.

மாத்திரை என்று வரும்போது, மாதவிடாய் நின்றவர்களுக்கு லெட்ரோசோல் 2.5, அனாஸ்ட்ரோசோல் 1, எக்ஸிமெஸ்டேன் 25 மில்லிகிராம், இவற்றில் ஒன்று தினமும், குறைந்தது 5 வருடம். எலும்பு தேயும் என்பதால் தொடங்கும்போதே எலும்பு அடர்த்தி ஸ்கேன் எடுத்து வையுங்கள். மூட்டுவலி தாங்க முடியாமல் பாதியில் நிறுத்துபவர்கள் நிறைய. நிறுத்துவதற்குப் பதில் இந்த மூன்றுக்குள் மாற்றலாம், அல்லது டாமாக்சிஃபென் 20 மில்லிகிராமுக்குப் போகலாம். ஐந்து வருட டாமாக்சிஃபென், ஈஆர் பாசிட்டிவ் பெண்களில் 15 வருட மார்பகப் புற்று மரணத்தை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைத்திருக்கிறது. மாதவிடாய் நிற்காதவர்களுக்கு லெட்ரோசோல் வகையைத் தனியாகக் கொடுக்கக் கூடாது. சினைப்பையை ஊசியால் ஓயவைத்த பிறகே.

ஃபிஷ் நெகட்டிவ் வந்தால் அறிக்கையில் ‘ஹெர்2 லோ’ என்று ஒரு வரி இருக்கலாம். 1+, அல்லது 2+ ஆகி ஃபிஷ் நெகட்டிவ் ஆனதை அப்படிச் சொல்கிறார்கள். 2022 முதல், பரவிய நோயில் டிராஸ்டுசுமாப் டெருக்ஸ்டிகான் என்ற வேறு மருந்து கொடுக்க இது வழிவிட்டது. ஆரம்ப நிலையில் அந்த வரியால் இப்போது எதுவும் மாறாது. பின்னாளில் நோய் வேறு இடத்தில் தலைகாட்டினால் பழைய அறிக்கையை வைத்து மருந்து தொடங்காமல் அங்கிருந்து புதிதாக பயாப்ஸி எடுங்கள்; ஈஆரும் ஹெர்2-வும் மாறியிருப்பது அபூர்வமல்ல. ஈஆர், பிஆர், ஹெர்2 மூன்றும் நெகட்டிவாக வந்தவர்களுக்கு இந்தப் பதிலில் பாதி பொருந்தாது: அங்கே கீமோதான் முதுகெலும்பு, இரண்டாம் நிலையிலிருந்து நோயெதிர்ப்பைத் தூண்டும் பெம்ப்ரோலிசுமாப் சேரும், பரம்பரைப் புற்றோடு தொடர்புள்ள பிஆர்சிஏ ஜீன் சோதனை அவசியம்.

நான் ஸ்லைடைப் பார்க்கவில்லை, நீங்கள் தட்டச்சு செய்த எண்களை மட்டுமே பார்த்தேன். இரண்டாவது கருத்து வாங்குவதானால் அறிக்கைத் தாளோடு நிற்காமல், திசுவை மெழுகில் பதித்து வைத்த பாரஃபின் ப்ளாக்கையும் ஸ்லைடுகளையும் கேட்டு வாங்கிப் போங்கள். அது உங்கள் உரிமை. சாயமேற்றாமல் சீவி வைத்த ஸ்லைடு 6 வாரத்துக்கு மேல் பழையதானால் பயன்படுத்தக் கூடாது, ப்ளாக்கிலிருந்து புதிதாகச் சீவ வேண்டும். ஒருவேளை ஃபிஷ் பாசிட்டிவ் ஆகி மருந்து முதலில் என்று முடிவானால், முதல் ஊசிக்கு முன் கட்டிக்குள் ஒரு உலோகக் கிளிப் வைத்தார்களா என்று கேட்க மறக்காதீர்கள். ஆறு சுற்றில் கட்டி தடம் தெரியாமல் கரைந்துவிட்டால், எங்கே வெட்டுவது என்று சர்ஜனுக்குக் காட்ட அந்தக் கிளிப் மட்டும்தான் இருக்கும்.